கணினிப் பயனர் மன்றத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு: கட்டிய சந்தாவுக்குப் பலன் எடுப்பது எப்படி?

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கியாச்சு. சார்ஜர் வீட்டில். பாஸ்வேர்டு மகனுக்குத்தான் தெரியும். மகன் பெங்களூரில், போனை எடுக்கவில்லை. பேக்கப் கிடையாது. மேசையில் இருக்கும் தன்னார்வலர், "அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி" என்கிறார். அந்த அடுத்த ஞாயிறு பலருக்கு வருவதே இல்லை. புது உறுப்பினர்கள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

மாதம் ஒன்றிரண்டு முறை ஒரு பள்ளி வகுப்பறையிலோ நூலகக் கூடத்திலோ கூடி, ஒருவர் கணினியை இன்னொருவர் பார்த்துக்கொடுக்கும் குழுக்களை மனதில் வைத்து எழுதியது இது. அங்கே சம்பளத்துக்கு ஆள் இல்லை. மூன்று மேசை, இரண்டரை மணி நேரம், வரிசையில் பத்துப் பன்னிரண்டு கணினி என்றால் உங்களுக்குக் கிடைப்பது அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. அந்த நேரம் வேலைக்கு ஆக வேண்டுமானால் பாதி வேலையை வீட்டிலேயே முடித்திருக்க வேண்டும்.

1. பணம் கட்டுமுன் ஒரு கூட்டத்தைச் சும்மா பாருங்கள்

பெரும்பாலான குழுக்களில் முதல் கூட்டத்துக்கு யாரும் வரலாம். கணினி இல்லாமல் வெறுங்கையோடு போய் ஓரமாக உட்கார்ந்து மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, உறுப்பினரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிக்கொடுத்துச் செய்கிறார்களா, இல்லை கணினியை வாங்கி உள்ளே கொண்டுபோகிறார்களா? இரண்டு, "இந்தக் கடையில்தான் ரேம் வாங்கணும்" என்று யாராவது அழுத்துகிறார்களா? மூன்று, கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்குகிறதா?

கணினியை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் என்றால் அது மன்றத்தின் பெயரில் நடக்கும் சர்வீஸ் கடை. கடை வேண்டுமென்றால் நேராகக் கடைக்கே போகலாம், பில்லாவது கிடைக்கும்.

2. சந்தா, ரசீது, ஆவணம்

கட்டணம் குழுவுக்குக் குழு மாறும். தொகையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: சந்தா நிதியாண்டுக்கா, சேர்ந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கா? ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று கணக்கு வைக்கும் குழுவில் பிப்ரவரியில் சேர்ந்தால், இரண்டே மாதத்தில் மறுபடி கட்ட வேண்டிவரும். அப்படியானால் பிப்ரவரி, மார்ச்சில் விருந்தினராக வந்துபோய்விட்டு ஏப்ரலில் சேருங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

யுபிஐயில் கட்டும்போது திரையில் வரும் பெயர் மன்றத்தின் பெயரா, தனி ஆளின் பெயரா என்று பாருங்கள். தனி ஆள் கணக்கு என்றால் ரசீது கட்டாயம். குழு, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவானது என்றால் ரசீதில் பதிவு எண் இருக்க வேண்டும். துணைவிதிகளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொதுக்குழுவில் ஓட்டு யாருக்கு, குடும்பத்தினர் ஒரே சந்தாவில் வரலாமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

ஆவணம் என்று கேட்டால் ஒரு புகைப்படமும் முகவரிச் சான்று ஒன்றும் போதும். ஆதார் கேட்டால் முழு எண் உள்ள நகலைக் கொடுக்காதீர்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படியான ஆதாரை ஆதார் ஆணைய இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே "மன்ற உறுப்பினர் சேர்க்கைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

3. கணினியின் ஜாதகத்தை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கம்பெனி பெயர், மாடல் எண், வாங்கிய ஆண்டு, வாரண்டி முடியும் நாள், பிராசஸர், ரேம் அளவு, டிஸ்க் அளவு, ஹார்டு டிஸ்கா எஸ்எஸ்டியா (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), விண்டோஸ் 10ஆ 11ஆ. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் பாதி விவரம் வந்துவிடும். லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துவையுங்கள். எழுத்து அழிந்துபோகுமுன் எடுப்பது நல்லது.

வாரண்டி இருக்கும் கணினியை மன்றத்தில் திறக்கக் கொடுக்காதீர்கள். மென்பொருள் குறை என்றால் சரி. ஸ்க்ரூவைத் தொடும் வேலை என்றால் கம்பெனியின் சர்வீஸ் மையத்துக்குத்தான் போக வேண்டும்.

4. பிட்லாக்கர் சாவி: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. உரிமையாளருக்கு அது தெரியவே தெரியாது. தினமும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். மன்றத்தில் பென்டிரைவிலிருந்து வேறொரு சிஸ்டத்தை ஓட்டிப் பார்க்க பயோஸில் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) செக்யூர் பூட் (Secure Boot) என்ற பாதுகாப்பை அணைப்பார்கள், அல்லது பயோஸைப் புதுப்பிப்பார்கள். மறுபடி இயக்கினால் நீலத்திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்களும் கணக்குகளும் போனது போனதுதான். எந்த வல்லுநராலும் உடைக்க முடியாது. உடைத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவர் ஏமாற்றுகிறார்.

வீட்டிலேயே செய்ய வேண்டியது: செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் என்பது ஆனில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் கணினி தொடங்கப்பட்டதோ அந்தக் கணக்கில் போன் வழியாக நுழைந்து, மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கில் இரண்டு மூன்று சாவிகள் இருந்தால், நீலத்திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகள் எதோடு ஒத்துப்போகிறதோ அதுதான் உங்கள் சாவி. கடைக்காரரே தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தால் சாவி அவரிடம் இருக்கும். மன்றத்துக்கு வருமுன் அவரைப் பிடியுங்கள்.

5. பேக்கப்

"ஃபார்மட் பண்ண வேண்டியதில்லை, சின்னக் குறைதான்" என்றாலும் பேக்கப் இல்லாமல் போகாதீர்கள். பல குழுக்கள் பேக்கப் இல்லாத கணினியைத் தொடுவதில்லை. அது நியாயமான விதி.

எடுக்க வேண்டியவற்றில் படம், ஆவணம் எல்லாருக்கும் நினைவு வரும். மறப்பவை வேறு: டெஸ்க்டாப்பில் கிடக்கும் கோப்புகள், டவுன்லோட்ஸ், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், கடைக்காரர்களுக்கு டேலி டேட்டா ஃபோல்டர், அச்சகக்காரர்களுக்கு எழுத்துருக் கோப்புகள்.

நேரக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய யுஎஸ்பி 2.0 வழியில் நொடிக்கு 30 எம்பி போனாலே அதிகம். 100 ஜிபி நகல் எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், சின்னச் சின்னக் கோப்புகள் என்றால் இன்னும் கூடும். கூட்டம் நடக்கும் அன்று காலையில் தொடங்கினால் முடியாது. சனிக்கிழமை இரவே முடித்துவிடுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோ பென்டிரைவில் ஏற மறுத்தால் பென்டிரைவில் குறை இல்லை. அது ஃபேட்32 முறையில் இருக்கிறது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும், ஆனால் மாற்றும்போது அதில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும்.

ஹார்டு டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் பேக்கப்பையும் நீங்களாக முயலாதீர்கள். அணைத்து வைத்துவிட்டு அப்படியே கொண்டுபோங்கள். இணையத்தில் படித்துவிட்டு, டிஸ்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவது இங்கே பெரிய தப்பு. சாகக் கிடக்கும் டிஸ்கை அது மணிக்கணக்கில் குடைந்து, எடுக்க முடிந்ததையும் எடுக்க முடியாமல் ஆக்கிவிடும். முதலில் நகல், பிறகுதான் பழுது.

6. பையில் என்னென்ன

லேப்டாப் என்றால் அதன் சொந்தச் சார்ஜர். "அங்கே யாரிடமாவது இருக்கும்" என்று நம்ப வேண்டாம். முனையும் வோல்ட்டும் மாடலுக்கு மாடல் மாறும். டெஸ்க்டாப் என்றால் கேபினெட்டும் பவர் கார்டும் போதும். மானிட்டரையும் யுபிஎஸ்ஸையும் சுமக்காதீர்கள். மானிட்டரை இணைக்க உங்கள் கேபினெட்டில் விஜிஏ மட்டும்தானா, எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டால் பொருத்தமான கேபிளை வைத்திருப்பார்கள்.

பஸ்ஸில் வரும்போது கேபினெட்டை நிமிர்த்தி வைக்காமல், மதர்போர்டு கீழே இருக்கும்படி படுக்கவையுங்கள். திருநெல்வேலி வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் ஏறும் குலுக்கலில், நிமிர்ந்த கேபினெட்டில் கிராஃபிக்ஸ் கார்டு சாய்ந்து கழன்றுவிடும். ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பை ஸ்லீப்பில் போடாமல் முழுதாக அணைத்த பிறகே பையில் வையுங்கள்.

கூடவே 8 ஜிபிக்குக் குறையாத வெற்று பென்டிரைவ் ஒன்று, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் (வகுப்பறையில் எத்தனை பிளக் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?), நோட்டு, பேனா. பாஸ்வேர்டை ஒரு நாளைக்கு மட்டும் எளிதான ஒன்றாக மாற்றிக் கொண்டுவந்து, வீடு திரும்பியதும் பழையபடி வேறொன்றாக மாற்றுங்கள். வங்கி பாஸ்வேர்டும் ஓடிபியும் மன்றத்தில் யாருக்கும் எந்த வேலைக்கும் தேவையில்லை.

7. குறையை மூன்று வரியில் சொல்லுங்கள்

"ஆன் ஆகல" என்பது மேசையில் தினம் கேட்கும் வாக்கியம். விசிறி சுற்றுகிறதா, விளக்கு எரிகிறதா, பீப் சத்தம் வருகிறதா, திரை மட்டும் கறுப்பா, இல்லை விண்டோஸ் லோகோ வரை வந்து நிற்கிறதா? ஐந்தும் ஐந்து வெவ்வேறு நோய்.

எழுதவேண்டிய மூன்று வரி: என்ன நடக்கிறது, எப்போதிருந்து, அதற்கு முன் என்ன மாறியது. திரையில் வரும் பிழைச் செய்தியைப் போனில் முழுதாகப் படம் எடுங்கள். "நான் எதுவுமே பண்ணல, தானா போச்சு" என்று சொல்வதால் அரை மணி நேரம் போகிறது. இடி மின்னல் அன்று பிளக்கில் இருந்தது, பிள்ளை ஏதோ கேம் ஏற்றினான், காபி கொட்டியது, எதுவானாலும் சொல்லிவிடுங்கள். யாரும் திட்டமாட்டார்கள்.

8. மேசையில் என்ன நடக்கும், செலவு எவ்வளவு

உழைப்புக்குக் காசு இல்லை; உதிரிப்பாகம் உங்கள் செலவு. தன்னார்வலர் கையில் பணம் திணிக்காதீர்கள். கொடுக்க மனமிருந்தால் மன்றத்துக்கு நன்கொடையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

உதிரிப்பாகத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வருவதுதான் புதியவர்கள் காசைத் தொலைக்கும் இடம். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றில் மற்றொன்று உட்காராது. அது பரவாயில்லை, கடையில் மாற்றிக்கொள்ளலாம். டிடிஆர்3-உம் டிடிஆர்3எல்-உம் ஒரே மாதிரி உட்காரும், ஆனால் ஒன்று 1.5 வோல்ட், மற்றது 1.35 வோல்ட். 1.35 மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் 1.5 போட்டால் திரையே வராது. எம்.2 எஸ்எஸ்டியிலும் இதே தொல்லை: பார்க்க ஒன்றுபோல இருக்கும் சாட்டாவும் என்விஎம்இயும் வெவ்வேறு இணைப்பு முறைகள். சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. ஆகவே முதல் கூட்டத்தில் நோய் கண்டறிதல், தாளில் எழுதி வாங்குதல். இடையில் இரண்டு மூன்று கடையில் விலை விசாரித்து வாங்குதல். அடுத்த கூட்டத்தில் பொருத்துதல். ரேம், எஸ்எஸ்டி விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் போன மாதம் நண்பர் சொன்ன விலையை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

பழைய லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதே தீர்வு. 256 ஜிபி போதும். பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் தூக்கிப்போடாமல், வெளியே ஒரு கேஸில் போட்டுப் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். தேதியும் நேரமும் தினமும் தப்பாக வருகிறதா? சிஆர்2032 பட்டன் செல் மாற்ற வேண்டும். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை, டெஸ்க்டாப்பில் ஐந்து நிமிடம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். அதற்குக் கீழே உள்ள கணினிக்கு மன்றத்தில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட் போன்றதைப் பரிந்துரைப்பார்கள். குறைந்தது 2 ஜிபி ரேம் என்று சொன்னாலும் 4 ஜிபி இல்லாமல் இறங்காதீர்கள். உடனே நிறுவச் சொல்லாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வைஃபை, ஒலி, வெப்கேம், டச்பேட் நான்கையும் அங்கேயே சோதிக்கலாம். பிரிண்டர் மாடலையும் சொல்லுங்கள். நம் ஊர்க் கடைகளில் நிறைய இருக்கும் கேனான் எல்பிபி 2900 போன்றவற்றுக்குத் தனி டிரைவர் போட்டு மல்லுக்கட்ட வேண்டும்.

டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இரண்டையும் நம்பித் தொழில் செய்கிறவர்கள் அந்தக் கணினியை லினக்ஸுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். மன்றத்தில் ஆர்வக்கோளாறில் யாராவது வற்புறுத்தினாலும் சரி. வீட்டில் இன்னொரு பழைய கணினி இருந்தால் அதில் பழகிக்கொள்ளலாம்.

திருட்டு விண்டோஸ், கிராக் செய்த ஃபோட்டோஷாப் கேட்காதீர்கள். கிடைக்காது, கேட்டவர் பெயரும் கெடும்.

9. பழைய தமிழ்க் கோப்புகள்

பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்து வைத்த திருமண அழைப்பிதழ், சங்கத் தீர்மானம், கோயில் கொடை வரவுசெலவு இவையெல்லாம் புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே உண்டு. ஆனால் எந்த எழுத்துரு என்று தெரியாமல் மாற்றினால் குப்பை வேறு குப்பையாக மாறும். வேர்டில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருப் பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நடுவில் நிஜ ஆங்கிலச் சொற்கள், மின்னஞ்சல் முகவரி இருந்தால் அவையும் தமிழாக உருமாறிவிடும். பத்தி பத்தியாக மாற்றிச் சரிபாருங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

இனி அடிப்பவற்றை யூனிகோடிலேயே அடியுங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, லினக்ஸிலும் கிடைக்கும். மன்றத்தில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பழகினால் மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

10. இரவல் பொருள்

ஸ்க்ரூடிரைவர் செட், சாட்டா–யுஎஸ்பி கேபிள், வெளிப்புற டிஸ்க் கேஸ் இவற்றை இரவல் தரும் குழுக்கள் உண்டு. பதிவேட்டில் கையெழுத்துப் போடுமுன் வேலை செய்கிறதா என்று அங்கேயே சோதியுங்கள். வீட்டில் இணையம் மெதுவாக இருக்கும் கிராமத்து உறுப்பினர்களுக்கு இன்னொரு வசதி: 3 ஜிபி அளவில் இருக்கும் லினக்ஸ் கோப்பை மன்றத்திலேயே பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். கோப்பு முழுதாக வந்திருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாதியில் அறுந்த கோப்புதான் "நிறுவும்போது நிற்கிறது" என்ற புகாருக்குப் பல நேரம் காரணம்.

11. நாள் பார்த்துப் போங்கள்

மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வு மாதங்கள். பள்ளி வளாகத்தில் கூடும் குழுவுக்கு அப்போது இடம் கிடைப்பது கஷ்டம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று திருநெல்வேலி டவுனுக்குள் கேபினெட்டோடு நுழைய நினைக்காதீர்கள். மின்வாரியப் பராமரிப்பு நிறுத்தம் எந்தத் துணைமின் நிலையத்துக்கு என்று நாளிதழில் வரும். வார நாளில் கூட்டம் என்றால் முந்தின நாள் பார்த்துவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் மாதிரி வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக் கணினி நனைந்தால், வேலை செய்கிறதா என்று ஒருமுறைகூட இயக்கிப் பார்க்காதீர்கள். நனைந்த போர்டு மின்சாரம் பாயும்போதுதான் செத்துப்போகிறது. பிளக்கைப் பிடுங்கி, கழற்ற முடிந்த பேட்டரியைக் கழற்றி, எந்தத் தண்ணீர் என்பதையும் (மழையா, சாக்கடையா) குறித்து அடுத்த கூட்டத்துக்குக் காத்திராமல் பொறுப்பாளருக்குப் போன் செய்யுங்கள். அரிசி மூட்டைக்குள் வைப்பது, உச்சி வெயிலில் காயவைப்பது இரண்டும் வேண்டாம். சேறு போர்டிலேயே காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

12. மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்காருங்கள்

உங்கள் கணினி சரியானதும் கிளம்பிவிடாதீர்கள். சந்தாவின் பெரிய பலன் அடுத்தவர் கணினி பழுதுபார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதில்தான் கிடைக்கிறது. ஒன்றும் தெரியாதவருக்கும் அங்கே வேலை உண்டு: வருகைப் பதிவு, வரிசை எண் கொடுப்பது, குறையை எழுதி வாங்குவது, விசிறித் தூசியைத் தூரிகையால் தட்டுவது (விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு தட்டுங்கள், சுற்றவிடாதீர்கள்). நான்கைந்து கூட்டம் குறை எழுதி வாங்கினாலே, எது டிஸ்க் நோய், எது ரேம் நோய் என்று கேட்ட மாத்திரத்தில் பிடிபடும்.

"வீட்டுக்கே வந்து தனியா பார்த்துத் தாரேன், ஐநூறு குடுங்க" என்று உறுப்பினர் யாராவது சொன்னால் அது மன்றத்தின் வேலை இல்லை. ஏதும் கெட்டால் மன்றம் பொறுப்பேற்காது. போனில் யாரோ அழைத்து, மன்றத்திலிருந்து பேசுகிறேன், திரையைப் பகிருங்கள் என்றால் துண்டித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த எண்ணில் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

13. புதுப்பித்தலும் விலகலும்

சந்தா முடியும் நாளைப் போன் நாட்காட்டியில் போடுங்கள். பாக்கி வைத்திருப்பவருக்குப் பொதுக்குழுவில் ஓட்டு உண்டா என்பதைத் துணைவிதியில் பாருங்கள். விலகுவதானால் இரவல் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

உழைத்துக் களைத்த பழைய கணினியை மன்றத்துக்கு நன்கொடையாகத் தருகிறீர்களா? டிஸ்கைக் கழற்றிவிட்டோ, முழுதாக அழித்துவிட்டோ கொடுங்கள். ஹார்டு டிஸ்கில் சாதாரண குவிக் ஃபார்மட் போட்டால் கோப்புகள் மீட்கக்கூடிய நிலையிலேயே இருக்கும். எதற்கும் உதவாத போர்டு, உப்பிய பேட்டரி இவற்றை மன்றத்தின் தலையில் கட்டாதீர்கள். பழைய இரும்புக் கடைக்கும் வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி போர்டும், தனியாக உள்ள பேட்டரிக் கழிவு விதிகளின்படி பேட்டரியும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குப் போக வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்தாமல், அழுத்தாமல், தனியாக மணல் போட்ட வாளியில் வைத்திருங்கள். சேகரிப்பு எப்போது என்று பொறுப்பாளரிடம் கேட்டு அன்றைக்குக் கொண்டுவாருங்கள்.